மேல் கம்பி

ஜூன் 10, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஒரு விரிசலுக்காக எழுதத் தொடங்குகிறேன்.

பால்கனியில், கதவைத் தாண்டியவுடன், சுவரை ஒட்டி நீளவாக்கில் போகிறது. தலைமுடி என்று நினைத்துக் காலையில் பெருக்கினேன். வரவில்லை. குனிந்து பார்த்தால் விரிசல். இவர் நாற்காலியின் பின்கால்கள் அதற்கு அந்தப்பக்கம் இருந்தன. இவரும் அந்தப்பக்கம்தான் இருந்தார்.

"ஏங்க, உள்ள வந்து உக்காருங்களேன்" என்றேன்.

"இங்கதான் காத்து வருது" என்றார்.

காற்றாவது ஒன்றாவது. பாளையங்கோட்டையில் ஜூன் மாதம் மூன்றாவது மாடியில் வருவது அடுப்பு வாய் அனல்.

ஜூன் 11, புதன்

கல்லூரி திறந்தாயிற்று. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு சிவிலில் பாதி பெஞ்சுகள் காலி. முதல் பாடம் தகைவு. மேலே ஏற்றிய சுமையை அதைத் தாங்கும் பரப்பால் வகுத்தால் தகைவு என்று எழுதிப்போட்டேன். சுமை அதே சுமைதான், தாங்குகிற இடம் குறையக் குறையத் தகைவு ஏறும்.

கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்தான். "அப்ப வீட்ல ஆளு கம்மியா இருந்தா ஒரு ஆளுக்குத் தகைவு ஜாஸ்தியா மேடம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உட்காரச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டினேன். ஆய்வகத்தில் கிடந்தது, நகத்தை விட மெல்லியது. இரண்டு முனைகளிலும் பசை. இது பழைய வழிதான். கண்ணாடிக்கு நீளத் தெரியாது. விரிசல் கொஞ்சம் அகன்றாலும் உடைந்துவிடும். உடையாத வரை நிம்மதி.

என் பயம் என்ன என்பதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பால்கனித் தளத்துக்குச் சுவர்ப் பக்கம் மட்டும்தான் பிடிமானம். மறுபக்கம் அந்தரம். மேலே ஆள் உட்கார்ந்தால் நுனி கீழே வளையப் பார்க்கும். அப்போது தளத்தின் மேல்முகம் இழுபடும், அடிமுகம் நசுங்கும். நசுக்கினால் கான்கிரீட் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால்தான் இழுபடும் மேல்பக்கத்தில் கம்பி போடுகிறோம். ஆனால் கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் கம்பியின் மேலேயே நடப்பார்கள். மிதி பட்டு மேல் கம்பி கீழே இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசி வெள்ளையடித்துவிட்டால் எல்லா பால்கனியும் ஒரே மாதிரிதான்.

இதை இவரிடம் விளக்க வேண்டியதில்லை. இவரை விட நன்றாக இது தெரிந்த ஆள் இந்த ஊரில் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

கண்ணாடி நன்றாக இருக்கிறது. உளுந்து ஊறப்போட்டேன். மகள் தென்றல் ஓசூரிலிருந்து பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறார், புத்தகம் படிக்கிறார் என்றேன். புத்தகம் மடியில் இருப்பது உண்மை.

ஜூன் 18, புதன்

கீழ்வீட்டு அக்கா, வீட்டுக்காரர் தவசிமுத்து அண்ணாச்சியின் மனைவி, மாடியேறி வந்து சண்டை போட்டார். பால்கனிக்கு நேர் கீழே நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். இவர் மேலிருந்து சத்தம் போட்டிருக்கிறார்.

"அங்கன உக்காராதீங்க, எந்திரிங்கன்னு அதட்டுதாரு டீச்சர். எங்க வீட்டு நெழல்ல நான் உக்காரப்பிடாதா?"

அக்கா, இவர் தலைவலி மாத்திரை போட்டிருக்கிறார், அதனால்தான் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். இப்போதெல்லாம் இது வழக்கமாகிவிட்டது. தபால்காரர், பூக்காரி, பிள்ளைகள், யார் அடியில் நின்றாலும் விரட்டுகிறார். யாரும் இல்லாவிட்டால் என்னிடம் கேட்கிறார்: "கீழ யாரும் இல்லையே?" எட்டிப் பார்த்து இல்லை என்று சொன்னால்தான் காப்பியைக் கையில் வாங்குகிறார்.

ஜூன் 19, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இவரைப் பைத்தியம் போல எழுதியிருக்கிறேன். அது நியாயமில்லை. நடந்ததையும் எழுதுகிறேன்.

இவர், கோமதிநாயகம், சைட் இன்ஜினியர். போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்வாசல் நிழற்கூரை போட்டார்கள். இதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிமானம். கான்கிரீட் போட்ட அன்று இவர் தரையில் நின்று, கலவையில் தண்ணீர் அதிகம் ஊற்றுகிறார்கள் என்று மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏறிக் கம்பியைப் பார்க்கவில்லை. இவருக்கு முட்டிவலி, ஏணி ஆகாது. அடியில் தாங்கிய முட்டுகளைப் பிரித்த மறுநாள் மத்தியானம் கூரை அப்படியே மடிந்து விழுந்தது. அடியில் பேச்சித்தாய் என்ற சித்தாள் நிழலுக்கு உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருக்கிறாள். வயது என் வயதுதான்.

வழக்கு நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். வக்கீல் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: "கான்கிரீட் போடையில ஆளுங்க மிதிக்கத்தான் செய்வாங்க, கம்பி எறங்கத்தான் செய்யும். எல்லா சைட்லயும் அப்படித்தான். எந்த இன்ஜினியரும் காவல் நிக்க முடியாது." இவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறார். குளிக்கும்போதுகூடக் கேட்கிறது. எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நல்ல வாக்கியம். அதைச் சொல்லி முடித்தபின் இவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு கோலிக்குண்டை பால்கனித் தரையில் வைத்தேன். விறுவிறுவென்று வெளிநுனிக்கு உருண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றது. ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த ரசமட்டத்தையும் வைத்துப் பார்த்தேன். குமிழ் சுவர்ப் பக்கம் ஒதுங்குகிறது. நுனி இறங்கியிருக்கிறது.

இவர் நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் பார்க்காத ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு? இந்தத் தளம் சாஞ்சிருக்குங்க. உங்களுக்குத் தெரியலையா?"

"பாத்தா தெரியுதே" என்றார்.

எழுந்திருக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

வகுப்பில் திரிபு. ஒரு கம்பி இழுபட்டு எவ்வளவு நீண்டதோ அதைப் பழைய நீளத்தால் வகுக்க வேண்டும். பழைய நீளம் தெரியாமல் திரிபைச் சொல்ல முடியாது என்று அழுத்திச் சொன்னேன். பையன்கள் எழுதிக்கொண்டார்கள்.

இவர் கல்யாணமான புதிதில் எப்படிச் சிரிப்பார் என்று பேருந்தில் வரும்போது நினைவுபடுத்திப் பார்த்தேன். வண்ணார்பேட்டை நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

கண்ணாடி உடைந்துவிட்டது.

காலையில் முழுதாக இருந்தது. சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நடுவில் இரண்டாகக் கிடக்கிறது. "மிதிச்சீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் இவர் தோளைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். எதிர்க்கவில்லை. பை கிழிந்து கத்தரிக்காயெல்லாம் கூடத்தில் உருண்டது.

அரைமணி நேரம் கட்டிலில் இருந்தார். நான் குழம்பு தாளிக்கும் நேரத்தில் மறுபடி பால்கனி.

ஜூலை 2, புதன்

அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கே போய்ச் சொன்னேன். குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"நான் வீட்ட வாங்கும்போதே இருந்த பால்கனி டீச்சர். யாரு கட்டுனதோ. விழுந்துருமா?"

"சொல்ல முடியாது அண்ணாச்சி. கம்பி கீழ எறங்கியிருக்கும்னு தோணுது."

"அடியில எம் பொண்டாட்டி உக்காருவாளே!"

"அதாம் சொல்லுதேன்."

ஆளுக்கு வியர்த்துவிட்டது. ஆடி பிறக்குமுன் இடித்துவிடலாம், ஆடியில் வீட்டு வேலை தொட மாட்டோம் என்றார். முதலில் சுவர் ஓரம் ஒரு சாண் மட்டும் கொத்தி, கம்பி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சரி என்றார்.

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். கம்பி கீழேதான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெறுமனே பயத்தினால் அல்ல. இவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். யாரோ ஒரு கொத்தனார், யாரோ ஒரு இன்ஜினியர், இதே தப்பைச் செய்து வைத்திருக்கிறான், அதன் மேல் நாம் குடியிருந்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வக்கீலின் வாக்கியம் அப்போது பொய்யாக இருக்காது. திரும்பி வரும் வழியில் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டேன். ஒரு தளம் மோசமாக இருக்க வேண்டும் என்று தேங்காய் உடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

இழுவைச் சோதனை. எந்திரத்தில் கம்பியை மாட்டி இழுத்துக் காட்டினேன். ஓர் எல்லை வரை இழுத்து விட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு சுமையை எடுத்தாலும் திரும்பாது. இன்னும் இழுத்தால் ஓரிடத்தில் மட்டும் மெலியும். அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகாது. அறுந்தபோது கட்டடமே அதிர்ந்தது. பையன்கள் கைதட்டினார்கள்.

வரும் வழியில் தையல்காரரிடம் இவர் சட்டைகளைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டும். போன தடவை பிடித்தது போதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று இடித்துவிட்டார்கள்.

எனக்குக் கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. கொத்தனார் செல்லத்துரை காலையிலேயே வந்தார். சுவர் ஓரம் ஒரு சாண் என்று கையால் அளந்து காட்டிவிட்டுத்தான் போனேன். மத்தியானம் தெரு முனையில் திரும்பும்போதே தெரிந்தது. பால்கனி இல்லை. சுவரிலிருந்து கம்பிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

எல்லாம் மேல்பக்கம் இருந்தன. வரிசையாக, ஒரே மட்டத்தில், கையால் நீவிவிட்ட மாதிரி.

செல்லத்துரை தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "மொத ஒரு சாண் கொத்துனதுமே தெரிஞ்சு போச்சு டீச்சர், கம்பி மேலதான் இருக்குன்னு. தரைப்பூச்சு மட்டுந்தான் வெடிச்சிருக்கு. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், ஆடி வருது, யோசிக்காம எல்லாத்தையும் தட்டுன்னுட்டாரு. சார் பக்கத்துலதான் நின்னாங்க. நிறுத்தவா சார்னு ரெண்டு மட்டம் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல."

இவர் கூடத்தில், திறந்த கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்குமே என்று எனக்குத் தோன்றியது. கையில் வளைந்த சின்னக் கம்பி ஒன்று இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். சேர் என்பார்கள். நாலு கால் நாற்காலி மாதிரி வளைத்து, மேல் கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைப்பார்கள். அது இருந்தால் யார் மிதித்தாலும் கம்பி இறங்காது. வளைத்து வைக்கச் சோம்பல்பட்டுப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். மண்டபத்தில் விட்டிருந்தார்கள்.

"சாண் சாணுக்கு ஒண்ணு வச்சிருக்கான் செண்பா" என்றார். "ஒண்ணுகூட விடல."

ஜூலை 12, சனி

இன்று இவர் பேசினார். எழுதிவைக்கிறேன், நான் எதையும் மாற்றவில்லை.

"கண்ணாடிய நான்தான் மிதிச்சேன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீ அத நம்பிப் பயந்தா இடிக்கச் சொல்லுவேன்னு தெரியும். இதுலயும் கம்பி கீழதான் கெடக்கும்னு நெனச்சேன். பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"தளம் சாஞ்சிருந்துச்சே?"

"மழைத்தண்ணி வெளிய ஓடுறதுக்கு வாட்டம் குடுத்திருக்கான். நுனியில தண்ணி போற குழாய் இருந்துச்சே, நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை. வாரம் இரண்டு தடவை அந்தக் குழாய் வாயில் அடைத்த சருகை நான்தான் குச்சியால் எடுத்துவிடுவேன். ஆனாலும் பார்க்கவில்லை. எனக்குச் சாய்வு வேண்டியிருந்தது, சாய்வு தெரிந்தது. இவருக்குத் தப்பு வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாமியிடம் ஒரே வரத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் கேட்டிருக்கிறோம்.

"எல்லா சைட்லயும் இப்படிச் சேர் வைக்கிறதில்லங்க, ஏதோ இந்த ஒரு ஆளு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஒரு ஆளு போதும்ல" என்றார்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. பால்கனிக் கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. திறந்தால் மூன்று மாடிக்கு ஒன்றும் கிடையாது. செங்கல் வைத்து அடைத்துக்கொடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"ஆடியில செங்கல் தொடப்பிடாது டீச்சர், குடும்பத்துக்கு ஆகாது. ஆவணி மொத நாளே ஆளு வரும். அதுவரைக்கும் பூட்டிக்கிடுங்க."

பூட்டிவிட்டேன். சாவியைத் தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு கோத்துக்கொண்டேன். வேறு எங்கே வைத்தாலும் மறந்துவிடும்.

ஜூலை 21, திங்கள்

நாற்காலியைப் பூட்டிய கதவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். மாலையில் வந்து பார்த்தால் மறுபடி கதவைப் பார்த்து. அந்தச் சேர் கம்பி கையில். துருவில் விரல்களெல்லாம் சிவந்திருக்கின்றன.

ஜூலை 25, வெள்ளி

வக்கீல் வந்தார். அடுத்த மாதம் விசாரணை. வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிக் காட்டச் சொன்னார். வக்கீலே பாதியை எடுத்துக்கொடுத்தார்: "ஆளுங்க மிதிக்கத்தான் செய்வாங்க..." இவர் சேர் கம்பியை மேஜை மேல் நாலு காலில் நிறுத்தி வைத்தார். வக்கீலுக்கு அது என்னவென்று புரியவில்லை. பேப்பர் பறக்காமல் இருக்க வைக்கும் சாமான் என்று நினைத்துத் தன் கோப்பை அதன் மேல் வைத்தார்.

அது தாங்கியது.

வாசலில் செருப்பு மாட்டும்போது வக்கீல் என்னிடம் கேட்டார். "சார் தூங்குதாங்களாம்மா?" தூங்குகிறார் என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

தென்றல் வருகிறேன் என்றாள். இப்போது வேண்டாம், ஆடி கழியட்டும் என்றேன். அப்பாவிடம் கொடு என்றாள். குளிக்கிறார் என்றேன். பத்தடி தள்ளித்தான் இருந்தார்.

சுமையைப் பகிரும் பரப்பு என்று பாடம் நடத்துகிறேன். என் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரசம் மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பீரோவை நகர்த்திப் பூட்டிய கதவுக்கு முன்னால் போட்டேன். தனியாகத்தான் தள்ளினேன். தரையில் கோடு விழுந்துவிட்டது, அண்ணாச்சி பார்த்தால் சத்தம் போடுவார். அந்தச் சுவரில் வெயில் படுவதில்லை, உள்ளிருக்கும் பட்டுப்புடவைகளுக்கு அதுதான் நல்லது.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. இவர் இப்போது அதில் நுழையும் அளவுக்குத்தான் இருக்கிறார். பெட்டியை வைத்து அடைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டு, அடிக்கடி விடுப்பு எடுக்கிறீர்களே, வீட்டில் எல்லாரும் நலமா என்றார். நலம் என்றேன்.

வகுப்பில் அந்தக் கடைசி பெஞ்ச் பையன் கேட்டான். "எல்லையத் தாண்டின கம்பிய திரும்பப் பழையபடி ஆக்கவே முடியாதா மேடம்?"

உருக்கி வார்த்தால் ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. முடியாது என்றேன். பாவம், நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஆகஸ்ட் 9, சனி

பிற்பகல். துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவராக வந்து உட்கார்ந்து எத்தனையோ நாளாயிற்று. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு துண்டை எடுத்து ஒழுங்காக நாலாக மடித்து வைத்தார்.

"கதவுச் சாவி எங்க செண்பா?"

"எதுக்கு?"

"காத்து வரட்டும்னுதான். புழுங்குது."

"எங்கயோ வச்சிட்டேன். காணல."

என் கழுத்தையே பார்த்தார். சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. இன்னொரு துண்டை எடுத்து மடித்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. என்னை இப்படித் தனியாக விட்டுப் போய்விட்டு எதிரில் உட்கார்ந்து துண்டு மடிக்கிறாரே என்று கோபம். கையைப் பிடித்துக்கொண்டேன். துரு வாசனை.

கையை விடுவித்துக்கொள்ளாமலே, பீரோவைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற குரலில் மெதுவாகக் கேட்டார்.

"கீழ யாரும் இல்லையே?"

எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெயில் கொளுத்தியது. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. இடித்த கல் அள்ளிய இடம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

"இருக்காங்க" என்றேன். "நெறையப் பேரு உக்காந்திருக்காங்க."